5,000 ரூபாய்க்குள்ள வீட்டுக்கு ஒரு பாட்டுப்பெட்டி: எந்த போர்டு, எந்த டாக்?

#1 · தோட்டத்துவாசி (காங்கயம் பக்கம்)

எல்லாருக்கும் வணக்கமுங்க. ரெண்டு வருசமா படிச்சுட்டு மட்டும் இருந்தவன், இன்னைக்குத்தான் வாயத் தொறக்கறேன்.

தோட்டத்துக்குள்ள வீடு. அட்டாலியில அப்பா காலத்து ஆம்ப்ளிஃபயர் ஒண்ணு கெடந்துச்சு. ஊர்ல ரேடியோக் கடை வெச்சிருந்தவரு 4440 ஐசி போட்டுக் கட்டிக் குடுத்தது. கூடவே ஆறு இன்ச் ஸ்பீக்கர் போட்ட மரப்பெட்டி ரெண்டு. தூசி தட்டி ஓட்டிப் பார்த்தேன், பாடுது.

அப்புச்சி நோம்பிக்கு நோம்பி டேப்ரெக்கார்டர் தூக்கிட்டுப் போயி பதிவு பண்ணுன கேசட்டு அம்பது அறுபது இருக்குதுங்க. உடுக்கடிப் பாட்டு, கும்மி, நடுவுல யாரோ இருமறது எல்லாம் சேர்த்து. போன வருசம் ஒக்காந்து அத்தனையும் கம்ப்யூட்டர்ல ஏத்தி ஃப்ளாக்ங்கற, தரம் கொறையாத பாட்டுக் கோப்பா மாத்திட்டேன். இப்ப அம்மா அதைக் கேக்கறது என்ற போன்ல இருந்து, ப்ளூடூத் ஸ்பீக்கர்ல. தொல்லை என்னன்னா, நான் பால் சொசைட்டிக்குக் கெளம்புனா போனும் கூட வருது. நான் தொண்டுபட்டி தாண்டறதுக்குள்ள அங்க பாட்டு நின்னுபோயிருது. இல்லாட்டி உடுக்கை நல்லா ஏறி வர்ற நேரமாப் பார்த்து எவனாச்சும் போன் பண்ணுவான்.

போன் வீட்ல இருந்தாலும் இல்லாட்டியும் தானாப் பாடற பெட்டி வேணும். ராஸ்பெர்ரி பைங்கற சின்னக் கம்ப்யூட்டர் போர்டை வெச்சுப் பண்ணலாம்ங்கறாங்க. அம்மாகிட்ட "ஒரு பை வாங்கணும்"னேன். "ஊட்டுல மஞ்சப்பை நாலு கெடக்குது, இதுக்கு ஒரு செலவா"ன்னுட்டாங்க.

கையில 5,000. சால்டரிங் ஓரளவு வரும். லினக்ஸ் சுத்தமாத் தெரியாது. வழி சொல்லுங்க.

#2 · பனியன்சிட்டி (திருப்பூர்)

ப்ளூடூத் ரிசீவர் 350 ரூபாய். ஆம்ப்ளிஃபயர்ல சொருகுங்க. முடிஞ்சுது. மிச்சக் காசுக்குப் பிரியாணி.

#3 · தோட்டத்துவாசி

ஏனுங்க, மேல எழுதுனதப் படிச்சீங்களா இல்லீங்களா? ப்ளூடூத்னாலே போன்ல இருந்துதான வரோணும்.

#4 · பழைய வால்வு (கோவை)

தம்பி சரியான இடத்தைப் பிடித்திருக்கிறார். ப்ளூடூத்தில் பாட்டைப் பாடுவது போன். ஸ்பீக்கர் வெறும் வாய். ஸ்ட்ரீமரில் பாட்டை எடுப்பது, விரிப்பது, பாடுவது எல்லாம் பெட்டியே செய்யும். போன் ரிமோட் மாதிரி. ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனால் டிவி நிற்காது அல்லவா, அப்படி.

போர்டு விஷயம். உங்கள் தேவைக்கு பை 4, பை 5 எல்லாம் வேண்டாம். பாட்டு ஓட்டுவது அதற்குச் சுண்டல் தின்கிற வேலை. ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ போதும். 2021-இல் வந்தது, நான்கு கோர், 512 எம்பி நினைவகம். வைஃபை உண்டு, ஆனால் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும். உங்கள் ரவுட்டரை 5-இல் மட்டும் வைத்திருந்தால் அது கண்ணுக்கே தெரியாது, முதலில் அதைப் பாருங்கள்.

ஜீரோவில் ஹெட்போன் துளை கிடையாது. அதனால் வருத்தப்பட ஒன்றுமில்லை. பை 3-லும் 4-லும் துளை உண்டு, ஆனால் உள்ளே உண்மையான டாக், அதாவது டிஜிட்டல் எண்களை ஒலி அலையாக மாற்றும் சிப், இல்லை. துடிப்பின் அகலத்தை மாற்றி ஒப்பேற்றும் சங்கதி. அமைதியான இடங்களில் பின்னால் இரைவது கேட்கும். பை 5-இல் அந்தத் துளையையே எடுத்துவிட்டார்கள்.

ஆக டாக் தனியாக வேண்டும். பிசிஎம்5102ஏ சிப் போட்ட சின்ன ஊதா நிறப் பலகை, 300 - 450 ரூபாய்க்குக் கிடைக்கும். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப், பர்-பிரவுன் வம்சம். இதன் அழகு என்னவென்றால், தனியாக மாஸ்டர் கிளாக் (தாளம் தரும் துடிப்பு) கொடுக்க வேண்டியதில்லை, உள்ளேயே தயாரித்துக்கொள்ளும். பையின் ஐ2எஸ் (டிஜிட்டல் ஒலி அனுப்பும்) கால்களில் அந்தக் கிளாக் வராது என்பதால் இரண்டுக்கும் ஜாதகப் பொருத்தம் பிரமாதம்.

இணைப்பு ஐந்தே கம்பி. 5 வோல்ட் பின் 2, கிரவுண்ட் பின் 6, பிட் கிளாக் பின் 12, இடவல கிளாக் பின் 35, டேட்டா பின் 40. அவ்வளவுதான்.

#5 · பனியன்சிட்டி

சரி ப்ளூடூத் வேண்டாம். டிராயர்ல பழைய ஆண்ட்ராய்டு போன் ஒண்ணு இருக்குமே? அதை ஆம்ப்ளிஃபயர் பக்கத்துலயே சார்ஜ்ல போட்டு வெச்சுருங்க. செலவு பூஜ்யம். இதுக்குப் போயி சால்டரிங், லினக்ஸ்னு…

#6 · பவானிக்கரை (ஈரோடு)

பனியன்சிட்டி சொல்றது முட்டாள்தனம் இல்ல, ஆறு மாசத்துக்கு ஓடும். நானே ஓட்டிருக்கேன். ராத்திரி பகலா சார்ஜ்லயே கெடந்து பேட்டரி உப்பி, பின் மூடி தானாத் தொறந்துகிட்டுது. நம்மூர் சித்திரை வெயில்ல, ஆள் இல்லாத நேரத்துல அது வேண்டாத வேலை. மரப்பெட்டி மேல வெச்சிருந்தா நெனச்சுப் பாருங்க.

தோட்டத்துவாசிக்கு ரெண்டே விசயம் சொல்றேன்.

ஒண்ணு, கரண்ட். உங்க பக்கம் சொல்லாமக் கொள்ளாம நிக்கும். பை ஓடிட்டு இருக்கறப்போ டப்புனு நின்னா எஸ்டி கார்டுல எழுதிட்டு இருந்தது பாதியில போகும். பத்துத் தடவை பொழைக்கும், பதினோராவது தடவை எந்திரிக்காது. அதனால பைகோர்பிளேயர்ங்கற, பாட்டு ஓட்டறதுக்குன்னே செஞ்ச லினக்ஸைப் போடுங்க. அது கார்டுல இருந்து மொத்தத்தையும் நினைவகத்துக்கு ஏத்திக்கிட்டு அங்கேயே ஓடும், கார்டைத் தொடறதே அபூர்வம். பிளக்கைப் புடுங்கலாம். இதே வேலைக்கு இருக்கற மூட் ஆடியோ, வால்யுமியோ எல்லாம் பார்க்க லட்சணமாத்தான் இருக்கும், ஆனா அதுகளை ஒழுங்கா ஷட்டவுன் பண்ணணும். அம்மா பண்ணுவாங்களா?

ரெண்டாவது, சார்ஜர். போர்டுக்கு 1,700 குடுத்துட்டு, சந்தையில 80 ரூபாய் சார்ஜர் வாங்காதீங்க. 5.1 வோல்ட், 2.5 ஆம்பியர்னு போட்டது, கேபிள் சேர்ந்தே வர்றது. கேபிள் மெல்லிசா நீளமா இருந்தா அங்க 5.1 கெளம்பி இங்க 4.6 தான் வந்து சேரும். பை 4.63-க்குக் கீழ போனா ஒடனே முனகும்.

#7 · ஹைரெஸ்_கோவை

பழைய வால்வு சார், மரியாதையோட சொல்றேன், 300 ரூபாய் டாக் எல்லாம் பொம்மை. கிளாக் ஜிட்டர்னு, அதாவது கிளாக் துடிப்பு நேரம் தப்பறதுன்னு, ஒண்ணு இருக்கு. தனி ஆஸிலேட்டர் போட்ட ஹாட் போர்டு (பை மேலயே சொருகறது) 6,000-லிருந்து கெடைக்குது. 24 பிட் 192 கிலோஹெர்ட்ஸ் பாட்டு கேட்டதுக்கப்புறம் இதெல்லாம் காது ஏத்துக்காது. பட்ஜெட்டை 15 ஆக்குங்க, பண்றதை ஒரே தடவையாப் பண்ணுங்க.

#8 · பழைய வால்வு

ஹைரெஸ் தம்பி, ஜிட்டரை நான் மறுக்கவில்லை. கேட்கப் போவது எதை என்று பாருங்கள். நோம்பித் திடலில், கையில் பிடித்த மைக்கில், சாதா கேசட்டில் எடுத்த பதிவு. டால்பி என்ற இரைச்சல் குறைப்பு இல்லாத கேசட்டில் பாட்டுக்கும் இரைச்சலுக்கும் நடுவே 50, மிஞ்சினால் 55 டெசிபெல். அந்தப் "பொம்மை" சிப்பின் ஏட்டுக் கணக்கு 112. இந்தக் கேசட்டுக்கு நீங்கள் சொல்லும் ஹாட் போடுவது, இட்டேரியில் ஓட்ட ரேஸ் கார் வாங்குவது போல.

ஆனால் தோட்டத்துவாசி, தம்பி சொன்னதை வேறு ஒரு காரணத்துக்காக யோசித்துப் பார்த்தேன். பிரச்சினை டாக்கில் இல்லை, அது உங்கள் 4440-க்குள் போகும் இடத்தில் வரும். அந்த ஐசி கார் ஸ்டீரியோவுக்காகப் பிறந்தது. அதன் பெருக்கம் 50 டெசிபெலுக்கு மேல். இருபது மில்லிவோல்ட் உள்ளே போனாலே முழுச் சத்தம் போட்டுவிடும். பிசிஎம்5102ஏ தருவதோ முழு அளவில் 2.1 வோல்ட், அதாவது நூறு மடங்கு. வால்யூம் குமிழியை மயிரிழை திருப்பினால் வீடு அதிரும், இன்னொரு மயிரிழை குறைத்தால் ஒரு பக்கம் மட்டும் கேட்கும்.

அதனால் வால்யூமுக்கு முன்னால், ஒவ்வொரு பக்கமும் 47கே ஒன்றைத் தொடராகப் போட்டு, அதன் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு 2.2கே போடுங்கள். 2.1 வோல்ட் ஏறக்குறைய 0.1 ஆகிவிடும். நான்கு ரெசிஸ்டர், நான்கு ரூபாய். குமிழி பாதி வரை திரும்பும், மனசுக்கு நிம்மதி.

#9 · ஹைரெஸ்_கோவை

சரி, கேசட்டுக்கு ஒத்துக்கறேன். ஆனா 4440-ஐ ஆம்ப்ளிஃபயர்னு சொல்றதை ஒத்துக்க மாட்டேன் 😄

#10 · தோட்டத்துவாசி

பத்து நாளா ஆளக் காணோம்னு நெனச்சிருப்பீங்க. மஞ்சள் வேக வெச்சுட்டு இருந்தமுங்க.

சாமான் வந்துருச்சு. ஜீரோ 2 டபிள்யூ 1,750. டாக் 380. சார்ஜர் 620. 32 ஜிபி கார்டு 420. ஓடிஜி (பென் டிரைவ் மாட்டறது) 90. ஆர்சிஏ ஒயர், பின் வரிசை, ரெசிஸ்டர் எல்லாம் சேத்து 260. கூட்டிப் பார்த்தா 3,520. பெட்டிக்கு மட்டும் காசு போடல, அதைப் பொறவு சொல்றேன். பென் டிரைவ் ஏற்கெனவே இருந்துது, கேசட்டு எல்லாம் அதுலதான்.

பின் வரிசை நாப்பது காலையும் பத்த வெச்சேன். கழுத்து புடிச்சுகிச்சு. பைகோர்பிளேயர் கார்டுல எழுதி, வைஃபை பேரு எல்லாம் குடுத்து, பாட்டு லிஸ்ட்டைப் பார்த்துக்கற லிரியன் சர்வரையும் அதுலயே ஏத்திட்டேன். போன்ல பக்கம் தொறக்குது, பாட்டு லிஸ்ட்டு வருது, ஓட்டுனா நிமிசக் கணக்கு நகருது. ஆனா சத்தம் மட்டும் இல்லீங்க! துளி இல்ல. ரெண்டு நாளா முட்டிட்டு இருக்கறேன்.

டாக் பேரு லிஸ்ட்டுல பிசிஎம்5102-ன்னு எதுவும் காணோம். அதனால ஏதோ ஒண்ணு எடுத்து விட்டேன். அதுதான் கோளாறோ?

#11 · பவானிக்கரை

"ஏதோ ஒண்ணு" வேண்டாம். ஹைஃபைபெர்ரி டாக்-னு இருக்கறதை எடுங்க, பக்கத்துல பிளஸ் எதுவும் இல்லாதது. அவங்களோட முதல் டாக்லயும் இதே சிப்தான், அந்த டிரைவர் இதுக்கும் அப்படியே பொருந்தும். பிளஸ் எடுத்தீங்கன்னா அது சிப்கூட ஐ2சி-ங்கற கட்டளை ஒயர்ல பேசப் பார்க்கும். இந்தச் சிப் ஊமை, பேசாது.

#12 · தோட்டத்துவாசி

மாத்திட்டனுங்க அக்கா. இன்னும் இல்ல.

#13 · பழைய வால்வு

பலகையைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் 1, 2, 3, 4 என்று எண் போட்டு நான்கு சால்டர் இணைப்புகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் நடுவில் ஒரு திட்டு, ஒரு புறம் எச், மறு புறம் எல். பல பலகைகளில் இதை இணைக்காமலே அனுப்பிவிடுகிறார்கள். மூன்றாவதுதான் வாய்ப்பூட்டு: அது எச் பக்கம் சேர்ந்திருந்தால்தான் சிப் வாய் திறக்கும், இல்லாவிட்டால் மௌனவிரதம். 1, 2, 4 மூன்றும் எல் பக்கம்.

இன்னொன்று. எஸ்சிகே (மாஸ்டர் கிளாக்) என்று போட்ட காலை கிரவுண்டோடு சேருங்கள். அதைச் சும்மா தொங்கவிட்டால் சிப் வெளியிலிருந்து கிளாக் வருமென்று வாசலையே பார்த்துக்கொண்டு இருக்கும். முன்பக்கம் அதற்கென்றே ஒரு சின்ன இணைப்பு இருக்கிறது, ஒரு சொட்டு ஈயம் போதும்.

#14 · தோட்டத்துவாசி

பாடுதுங்கோ!!!

மூணாவது திட்டு தொறந்தே கெடந்துச்சு. சொட்டு ஈயம் வெச்சேன். அந்தப்பக்கம் பாட்டு ஓடிட்டு இருந்ததையே மறந்துட்டேன், குமிழி வேற முழுசாத் திருப்பியிருந்துது. அப்புச்சி "ஏய் தள்ளி நில்லுங்கடா"ன்னு நோம்பிக் கூட்டத்தை அதட்டுனது வீடே அதிர வந்துச்சு. பட்டியில எருமை கயித்த அத்துகிச்சு.

47கே, 2.2கே சங்கதியை அடுத்த அரை மணி நேரத்துல போட்டுட்டேன் ஐயா. குமிழி இப்ப பாதியில நிக்குது.

#15 · தோட்டத்துவாசி

பெட்டிக் கதை. எவர்சில்வர் டிபன் பாக்ஸ் ஒண்ணு அளவெடுத்தாப்புல இருந்துது. ஓட்டை போட்டு, அடியில ரப்பர் வெச்சு, மூடியும் போட்டேன். பார்க்க நெம்ப அழகு. மூடுன ஒடனே போன்ல பக்கம் தொறக்கல. மூடியைத் தொறந்தா வருது, மூடுனா போகுது. கார்டு போச்சுன்னு நெனச்சு ரெண்டு தடவை திரும்ப எழுதிட்டேன்.

#16 · பனியன்சிட்டி

🤣🤣 வைஃபைக்கு மூடி போட்டுட்டீங்க.

#17 · பவானிக்கரை

இதைச் சிரிக்காமச் சொல்லணும்னு பார்க்கறேன், முடியல. ஆன்டெனா போர்டுலயே இருக்கு, சுத்தி இரும்பு வெச்சா அலை எப்படி வரும்? ஐஸ்கிரீம் டப்பா போதும். பக்கத்துல நாலு ஓட்டை போட்டுக்கங்க, சூடு 80 டிகிரி பக்கம் போனா அது தானா வேகத்தைக் குறைச்சுக்கும்.

#18 · தோட்டத்துவாசி

ஐஸ்கிரீம் டப்பாவுக்கு மாத்திட்டேன். மக "அப்பா, ஐஸ்கிரீம் எங்க?"ன்னு கேட்டா. அதுக்கும் வாங்க வேண்டியதாப் போச்சு, கணக்குல 180 சேத்திக்கங்க.

இப்ப உண்மையான தொல்லை. போர் மோட்டார் ஸ்டார்ட் ஆகற நேரம் ஸ்பீக்கர்ல "டொப்"புனு ஒரு அடி. மோட்டார் ஓடற வரைக்கும் "உம்ம்ம்"னு ஒரு மொனகல். எப்பவாச்சும் பாட்டு அரை நொடி திக்குது. எர்த் பிரச்சனையா, சார்ஜரா, போர்டா?

#19 · தறிச்சத்தம் (சோமனூர்)

நம்ம ஏரியா கேள்வி வந்துருச்சு. எட்டுத் தறி ஓடற ஷெட்டுக்கு ஒட்டுன வீடுங்க நமக்கு. இதுல மூணு வருசம் பட்டிருக்கறேன்.

மூணையும் ஒரே நோக்காடுன்னு நெனைக்காதீங்க. பிரிச்சுப் பாருங்க. முதல்ல ஆம்ப்ளிஃபயர்ல இருந்து ஆர்சிஏ ஒயரை உருவிப்போடுங்க. குமிழியைக் கொஞ்சம் ஏத்தி வெச்சு, மோட்டாரைப் போடச் சொல்லுங்க. டொப்பும் உம்மும் அப்பவும் வந்தா பை மேல பழி போடாதீங்க, அது ஆம்ப்ளிஃபயரு.

ரெண்டாவது, பையைப் பவர்பேங்க்ல ஓட்டுங்க. திக்கறது நிக்குதான்னு பாருங்க. நல்ல சார்ஜரு 100 வோல்ட்ல இருந்து 240 வரைக்கும் எதைக் குடுத்தாலும் 5 வோல்ட் குடுக்கும், மோட்டாருக்கு 230 சித்த நேரம் 180 ஆனா அதுக்கு நோகாது. நொந்துச்சுன்னா சார்ஜர் சரியில்ல.

முடிவு சொல்லுங்க. ராத்திரி ஷிப்ட் ஓடிட்டு இருக்குது, பொறவு வர்றேன்.

#20 · தோட்டத்துவாசி

அண்ணா சொன்ன மாதரயே பண்ணுனேன். மோட்டார் ரூமுல மச்சான நிறுத்தி, போன்ல "போடு", "நிறுத்து"ன்னு இருபது தடவை. அவனுக்குக் கோவம் வந்து, "பாட்டு கேக்கறதுக்கு மோட்டாரக் கொன்னுபோடாத"ன்னுட்டான்.

ஒயரு உருவுனாலும் டொப்பும் உம்மும் வருது. ஆக ஆம்ப்ளிஃபயருதான். பவர்பேங்க்ல ஓட்டுனாலும் திக்கறது வருது! ஆக சார்ஜர் இல்ல. ஆனா பென் டிரைவ்ல இருக்கற கேசட்டு ஓடறப்போ திக்கவே இல்ல, நெட்டுல வர்ற வானொலி கேக்கறப்போ மட்டுந்தான்.

#21 · தறிச்சத்தம்

அப்பத் திக்கறது வைஃபை. ரவுட்டரை மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்துலயா வெச்சிருக்கறீங்க? நகத்துங்க.

ஆம்ப்ளிஃபயரைத் தொறந்து, டையோடு நாலும் தாண்டி நிக்கற பெரிய கெப்பாசிட்டர் என்ன அளவுன்னு பாருங்க. முப்பது வருசச் சாமான்னா 1000 மைக்ரோஃபேரட்தான் இருக்கும், அதுவும் வத்திப்போயிருக்கும். 4700, 25 வோல்ட் போடுங்க. பிளஸ் மைனஸ் பார்த்துப் போடுங்க, மாத்திப் போட்டா வெடிக்கும். கழட்டறதுக்கு முன்னால பழசை ஒரு ரெசிஸ்டர் வெச்சு டிஸ்சார்ஜ் பண்ணிருங்க.

#22 · தோட்டத்துவாசி

1000-தான் இருந்துது, தலை உப்பி! 4700 போட்டேன். மொனகல் போச்சு. டொப்பு கால்வாசி இருக்குது, அதைப் பத்தி வெசனமில்ல. ரவுட்டர் ஸ்டார்ட்டர் பெட்டிக்கு நேர் மேலதான் இருந்துச்சுங்க அண்ணா, எப்படித்தான் கண்டுபுடிச்சீங்களோ. அக்கட்டச் செவுத்துக்கு மாத்தியாச்சு.

அடுத்தது அம்மா. போன்ல பக்கத்தைத் தொறந்து காட்டுனேன். "எனக்கு இதெல்லாம் வேண்டாம் கண்ணு, அமுத்துனா பாடோணும்"னு சொல்லிப்போட்டாங்க. அமுத்தறதுக்கு என்னங்க வழி?

#23 · பவானிக்கரை

இதுக்குத்தான் காத்துட்டு இருந்தேன். அம்மா கேட்டதுதான் சரியான கேள்வி.

கடையில காலிங்பெல் சுவிட்ச் இருக்கில்ல, அமுத்துனா ஒட்டி விட்டா விடறது, அது நாலு வாங்குங்க. சுவர்ல வெக்கற பிளாஸ்டிக் பெட்டியில வரிசையா மாட்டுங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரு முனை கிரவுண்ட், மறுமுனை ஒரு ஜிபிஐஓ கால் (நிரல் பார்க்கக்கூடிய பின்). ஜிபிஐஓ எண் 18, 19, 21-ஐ (ஐயா சொன்ன பின் 12, 35, 40) தொடாதீங்க, அது டாக்கோடது. அந்தப் பெட்டியில வீட்டுக் கரண்ட் ஒயர் எதுவும் கூட வரக்கூடாது, 5 வோல்ட்கூட ஆகாது, அந்தக் கால்கள் 3.3-தான் தாங்கும்.

லிரியன் சர்வர் 9090 போர்ட்ல சாதா எழுத்தாவே கட்டளை வாங்கிக்கும். பத்துப் பதினஞ்சு வரி பைத்தான், பொத்தானைப் பார்த்துட்டு அந்தந்த வரியை அனுப்பும். எழுதித் தனிச் செய்தியில அனுப்பறேன். ஒண்ணு கேசட்டு, ரெண்டு கோவை வானொலி, மூணு அடுத்தது, நாலு நிறுத்து.

வானொலி பத்தி ஒண்ணு: இணையத்துல வர்றது நெஜ ரேடியோவை விட அரை நிமிசம் போலப் பிந்தி வரும். அம்மா செய்திக்கு முன்னாடி அடிக்கற மணியை வெச்சுக் கடிகாரம் திருத்தறவங்கன்னா சொல்லிவெச்சுருங்க.

#24 · பழைய வால்வு

சற்று விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த லிரியன் சர்வரின் வயது தெரியுமா? ஸ்லிம் டிவைசஸ் என்ற சின்ன நிறுவனம் ஸ்க்வீஸ்பாக்ஸ் என்ற பெட்டியை விற்றது. 2006-இல் லாஜிடெக் அதை வாங்கியது, 2012-இல் அந்தப் பெட்டிகளையே நிறுத்திவிட்டது. சர்வர் நிரல் திறந்த மூலமாக இருந்ததால் உபயோகித்தவர்களே சேர்ந்து இழுத்து வந்தார்கள். 2024-இல்தான் லிரியன் என்று பெயர் மாற்றம். பெட்டி போய்ப் பன்னிரண்டு வருடம் கழித்தும் நிரல் ஓடுகிறது. காங்கயத்துக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ்கிரீம் டப்பாவிலும் ஓடுகிறது.

#25 · தோட்டத்துவாசி

பொத்தான் மாட்டியாச்சு. அம்மா அமுத்தறாங்க, பாடுது. ஒறம்பரை வந்தா மொதல்ல அதைத்தான் காட்டறாங்க.

ஆனா பேய் புடிச்சுகிச்சுங்க. நெசமாலுமே. நேத்து ராத்திரி ரெண்டு மணிக்கு மூணு பேஸ் கரண்ட் வந்து ஆட்டோ ஸ்டார்ட்டர்ல மோட்டார் ஓட ஆரம்பிச்சுது. யாரும் தொடாம உடுக்கைப் பாட்டு ஆரம்பிச்சுருச்சு. அம்மா எந்திரிச்சு சாமி மாடத்துல வெளக்குப் பத்த வெச்சுட்டாங்க. அப்புச்சி குரல் கேட்டா அப்படித்தானுங்க ஆகும்.

#26 · தறிச்சத்தம்

பொத்தானுக்கு ஒயரு எத்தனை அடி?

#27 · தோட்டத்துவாசி

பதினாலு அடி. பெட் ரூம் செவுத்துல இருந்து. மோட்டார் ஒயர் போற பைப்புக்குப் பக்கத்துலயே கட்டிவிட்டேன், பார்க்க நேரா இருக்கட்டும்னு.

#28 · தறிச்சத்தம்

பேய் அந்தப் பைப்புக்குள்ளதான் இருக்குது மாப்ள. பைக்குள்ள இருக்கற புல்-அப் (காலை 3.3-லயே மேல இழுத்து வெக்கற ரெசிஸ்டர்) அம்பதாயிரம் ஓம் சொச்சம், நூல் புடிச்ச மாதரி. பதினாலு அடி ஒயரு ஆன்டெனா மாதரி நிக்குது. ஸ்டார்ட்டர் ஒட்டறப்போ வர்ற பொறி அதுல ஏறி, பொத்தான் அமுத்துன மாதரி காலைக் கீழ இழுத்துப்போடுது.

ஒவ்வொரு காலுக்கும் பை கிட்டயே 3.3-ல இருந்து 10கே ஒண்ணு, கிரவுண்டுக்கு 0.1 மைக்ரோஃபேரட் செராமிக் ஒண்ணு. ஒயரை ஷீல்டு ஒயரா மாத்தி, மேல்வலையை பை பக்கம் மட்டும் கிரவுண்ட் பண்ணுங்க. மோட்டார் ஒயருக்கு ஒரு அடியாச்சும் தள்ளி.

#29 · பவானிக்கரை

நிரல்லயும் ஒண்ணு மாத்தறேன். கால் கீழ போன ஒடனே நம்பாம, 50 மில்லிநொடி அப்படியே இருந்தாத்தான் அமுத்துனதாக் கணக்கு. மொதல்லயே போட்டிருக்கணும், தப்பு என்மேல.

#30 · தோட்டத்துவாசி

பேய் போயிருச்சுங்க. பத்து நாளாச்சு, ராத்திரி சத்தமில்ல. அம்மாவுக்குத்தான் கொஞ்சம் ஏமாத்தம் போல, "அன்னைக்கு அப்புச்சி தானா வந்து பாடுனாரு"ன்னு இன்னும் சொல்லிட்டு இருக்காங்க. நான் கெப்பாசிட்டர் கதையச் சொல்லல.

நேத்து கரண்ட் போயி வந்ததுல பொத்தான் எல்லாம் செத்துப்போச்சு. பாட்டு போன்ல ஓடுது, அமுத்துனா ஓடல. அக்கா அனுப்புன ஃபைலையே காணோம். பிளக்கைப் புடுங்கலாம்னீங்களே?

#31 · பவானிக்கரை

புடுங்கலாம், ஆனா புது ஃபைல் போட்டா முதன்மைப் பக்கத்துல இருக்கற பேக்கப் பட்டனை ஒரு தடவை அமுத்தணும். எல்லாம் நினைவகத்துல ஓடறதால, அமுத்தலைன்னா பவர் போறப்போ ஃபைலும் போயிரும். கார்டு பத்திரமா இருக்கறதோட மறுபக்கம் இது. திரும்ப அனுப்பறேன். போட்ட ஒடனே பேக்கப். பாட்டுப் பட்டியலுக்கு லிரியன் சேத்து வெக்கற தகவல் மட்டும் கார்டுல எழுதும், போனாக்கூட அது தானா மறுபடி தேடி எடுத்துக்கும்.

#32 · தோட்டத்துவாசி (மூணு மாசம் கழிச்சு)

இழையைத் தோண்டி எடுத்ததுக்கு மன்னிக்கோணும். பெட்டி நல்லா ஓடுது. தறிச்சத்தம் அண்ணா சொன்ன 10கே எல்லாம் போட்டு, ஒரு தடவைகூட மொரண்டு புடிக்கல.

புதுத் தொல்லை. மச்சான் டிராக்டருக்குப் பாட்டு வேணும்னு சொல்லிட்டு இருந்தான். நான் ஊர்ல இல்லாத நேரத்துல வந்து, "4440 பன்னெண்டு வோல்ட்லதான ஓடும், பேட்டரியில நேராக் குடுத்துக்கலாம்"னு அம்மாகிட்டச் சொல்லி, ஆம்ப்ளிஃபயரைக் கழட்டிட்டுப் போயிட்டான். அந்த 4700 கெப்பாசிட்டரோட. ஸ்பீக்கரை மட்டும் உட்டுட்டான், அதுவும் டிராக்டர்ல எடமில்லாததால. இருபது தடவை மோட்டார் போட்டதுக்கு இதுதான் கூலின்னு வேற சொல்றான்.

இப்ப அம்மா பொத்தானை அமுத்தறாங்க, பை பாடுது, கேக்கறதுக்கு ஆம்ப்ளிஃபயரில்ல. ஆறு இன்ச், நாலு ஓம் ஸ்பீக்கரு. பட்ஜெட் 2,000. என்ன வாங்கலாம்?

ஹைரெஸ் தம்பி, நீங்க கடைசியாச் சொல்லுங்க.

#33 · ஹைரெஸ்_கோவை

😄 15 ஆக்குங்க.